மற்றக் கையும் ஒரு கிளாஸ் தண்ணீரும்

போன மாதம் கிளிநொச்சியிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். இயன்மருத்துவராக, அதாவது பிசியோதெரபிஸ்டாக, வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லையாம். யாரோ என் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

"மிஸ், ஆறு வயசுப் பெடியன் ஒருத்தன். குழந்தையா இருக்கேக்கை மூளையில பாதிப்பு வந்தது. இடது கையால எதைச் செய்தாலும் வலது கையும் தன்ரபாட்டில அதையே செய்யுது. வலது கையைக் கொஞ்ச நாளைக்குக் கட்டி வைக்கச் சொல்லட்டோ?"

"வேண்டாம்" என்றேன். நான் சொன்ன வேகத்தில் அந்தப் பிள்ளை பயந்துபோய் "சொறி மிஸ்" என்றாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று கூட வேலைசெய்தவர்கள் எல்லோருக்கும் தெரியும், அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, கோபம் உன்மேல் இல்லை, முன்பு ஒருமுறை அப்படிக் கட்டிவைத்த ஓர் ஆளின்மேல் என்றேன். அந்த ஆள் யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அது நான்தான். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

கொழும்பில் படித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எலும்புகளின் பெயரைப் பாடமாக்கினேன், விடுதிச் சாப்பாட்டைத் திட்டினேன், பரீட்சை பாஸ் பண்ணினேன். வவுனியாவுக்கு நியமனம் கிடைத்து வந்து இறங்கியபோது எனக்கு இருபத்தைந்து வயது. மருந்துக் களஞ்சியமாக இருந்த ஓர் அறையை ஒதுக்கித் தந்தார்கள். நடைபழகும் கம்பிகளை, குளக்கட்டு வேலையில் மிஞ்சிய குழாய்களை வெட்டி ஒட்டிச் செய்துகொண்டோம். இயன்மருத்துவம் என்ற சொல் யார் வாயிலும் நுழையவில்லை. உடற்பயிற்சி செய்விக்கிறவள் என்பதால் நான் 'எக்சைஸ் மிஸி' ஆனேன். மரத்தால் விழுந்தவர்கள், உழவு இயந்திரத்தில் கால் கொடுத்தவர்கள் எல்லோரும் கையோடு ஒரு போத்தல் எண்ணெயும் கொண்டு வருவார்கள், நான் பூசித் தேய்த்துவிடுவேன் என்ற நம்பிக்கையில். எண்ணெயைத் திருப்பிக் கொடுத்தால் முகம் சுருங்கிவிடும். பிறகு நான் அதையும் வாங்கி வைக்கப் பழகிக்கொண்டேன்.

அங்கே குழந்தைகளைப் பார்த்த டொக்டரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக ஏலாது. நாற்பது வயதிருக்கும். மெலிந்த மனிதர். தச்சுவேலைக்காரன் மாதிரிக் காதில் ஒரு கட்டைப் பென்சில் சொருகியிருப்பார். அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. ஏசினால் பரவாயில்லை என்று நினைக்கிற மாதிரி ஒன்று செய்வார். ஒருநாள் ஒரு தாதி, "இந்தப் பிள்ளை மருந்து குடிக்குதே இல்லை, சரியான பிடிவாதம்" என்றா. டொக்டர் இன்னொரு கரண்டி எடுப்பித்து, அதே மருந்தை வார்த்து அந்தத் தாதியிடமே நீட்டினார். அவா குடித்தா. அதற்குப் பிறகு அந்த மருந்தில் சீனி கலக்காமல் அவா ஒரு பிள்ளைக்கும் கொடுத்ததில்லை.

கை சரியில்லாத பிள்ளைகளை அவர் பார்க்கிற முறை இப்போதும் எனக்கு அத்துப்படி. தரையில் பாயை விரித்துப் பிள்ளைக்கு எதிரே சம்மணம் கொட்டி உட்காருவார். முதல் ஐந்து நிமிடம் தொடமாட்டார். பிறகு பிள்ளையின் ஒரு கைக்குக் கீழே பழைய பேப்பர்த் தாள் ஒன்றை வைப்பார். மற்றக் கையால், தான் செய்துகாட்டுவதைச் செய்யச் சொல்வார். பெருவிரலால் சுட்டுவிரலைத் தொட வேண்டும், அடுத்தது நடுவிரல், மோதிரவிரல், சின்னவிரல், பிறகு அதே வழியே திரும்பி வரவேண்டும். அவசரமில்லை. நாங்கள் எல்லோரும் வேலை செய்கிற கையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

"அதைப் பார்க்காதையுங்கோ. மற்றக் கையைப் பாருங்கோ" என்பார்.

மற்றக் கைக்குக் கீழே தாள் சரசரக்கும். கண்ணால் பிடிக்க முடியாத அசைவைக் காது பிடித்துவிடும். பிறகு கைகளை மாற்றித் தாளையும் மாற்றி வைப்பார். சத்தம் இல்லை, கொஞ்சம் கேட்கிறது, வேலை செய்கிற கை அளவுக்கு அசைகிறது என்று மூன்று விதமாக அட்டையில் குறிப்பார். பிறந்த குழந்தைகளுக்கு இரண்டு கையும் சோடியாகத்தான் அசையும், வளர வளர மூளை அவற்றைப் பிரித்து வேலை வாங்கப் பழகும், சின்ன வயதிலேயே மூளையில் அடிபட்ட சில பிள்ளைகளுக்கு அந்தப் பிரிப்பு நடக்காமல் போய்விடும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான்.

"ஒரு தபால் ரெண்டு வீட்டுக்குப் போகுது. வாங்கின வீட்டை ஏசி என்ன பிரயோசனம்?" என்று ஒருநாள் சொன்னார். எனக்கு அது விளங்கிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

மகேஸ்வரி வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். ஏழு வயது. வீட்டில் மகேசு என்று கூப்பிட்டார்கள். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியாவுக்கு வடக்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில், பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலும் வலிப்பும் வந்து வலது கையும் காலும் பலம் குறைந்துவிட்டன. நடை சற்று இழுக்கும், ஆனால் ஓடுவாள். இடது கையால் எழுதுவாள். அவள் எழுதத் தொடங்கினால் வலது கையும் எழுதத் தொடங்கும். பென்சில் இல்லாத அந்தக் கை உட்கார்ந்திருக்கிற வாங்குப் பலகையைச் சுரண்டும், பக்கத்துப் பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுக்கும், சிலநேரம் தொடையில் கிள்ளியும் விடும். கொழுப்பு என்று வகுப்பாசிரியர் அடிமட்டத்தால் அந்தக் கையில் அடித்திருக்கிறார். கிள்ளு வாங்கிய பிள்ளையின் தாய் பாடசாலைக்கு வந்து சண்டை பிடித்திருக்கிறா. கடைசியில் பாடசாலை அதிபர் மகேசுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

தாய் செல்லாயி என் அறை வாசலில் நின்றபடியே பேசினா. கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"இவ கைய எப்படியாச்சும் அடக்கிக் குடுங்க மிஸி. அடுத்த தவணை பள்ளிக்கூடம் தொடங்குறப்ப கை அடங்கியிருந்தா சேத்துக்கிறேன், இல்லாட்டி பேர வெட்டிருவேன்னு பெரிய சார் சொல்லிட்டாரு. எங்க ஆளுக யாரும் முழுசாப் படிச்சதில்லங்க. எனக்கெல்லாம் பதினோரு வயசுல கூடைய மாட்டி விட்டாங்க. இவளாச்சும் படிக்கணும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு தாய் இவ்வளவு தெளிவாக ஒரு வேலை சொல்லி, அதை நான் செய்துகாட்டாவிட்டால் என்ன மிஸி? அடக்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். உரச்சாக்குத் துணியில் நீளமாக ஒரு பை தைத்து, குளத்து மணலை அரித்து நிரப்பி, வலது மணிக்கட்டுக்குமேல் போட்டுப் பட்டியால் மேசையோடு கட்டினேன். கிழமையில் இரண்டு நாள் என்னிடம் வந்தாள். மற்ற நாட்களில் வீட்டிலும் கட்டிக்கொண்டுதான் எழுதவேண்டும் என்றேன். மூன்றாவது கிழமை வலது கை மேசையில் அசையாமல் கிடந்தது. அட்டையில் 'கை அடங்கிவிட்டது. நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன். நான் பார்க்காமல் விட்டது இடது கையை. முன்பு ஒரு பக்கம் எழுதிய பிள்ளை இப்போது மூன்று எழுத்தோடு பென்சிலை வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தாள். எழுத்தெல்லாம் சரிந்து கோட்டை விட்டு இறங்கின. சோம்பல் என்று நினைத்தேன். அந்த வாத்தியார் கொழுப்பு என்றார், நான் சோம்பல் என்றேன், எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்த முறை அவள் வந்தபோது டொக்டர் அட்டையைப் பார்த்தார். மகேசு எழுதுவதையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பட்டியை அவிழ்த்து அவளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, "மிஸ், நீர் இதில இரும்" என்று அவளுடைய சின்னக் கதிரையைக் காட்டினார். இருந்தேன். என் இடது கையைக் குப்புற வைக்கச் சொன்னார். ஒரு கிளாஸில் விளிம்புவரை தண்ணீர் எடுத்து என் புறங்கையின்மேல் வைத்தார்.

"இது சிந்தாமல் நான் சொல்லிறதை எழுதும்."

நோயாளியின் பெயர், வயது, ஊர் என்று சாதாரண விஷயங்களைத்தான் சொன்னார். இரண்டு வரி எழுதினேன். என் கண் பேனாவில் இல்லை, கிளாஸில் இருந்தது. ஊரின் பெயரைப் பிழையாக எழுதி, வயதை இரண்டு தரம் எழுதி, மூன்றாவது வரியில் கிளாஸ் கவிழ்ந்து, பக்கத்தில் கிடந்த அட்டையில் 'நல்ல முன்னேற்றம்' நனைந்துபோனது.

"நீர் ரெண்டு நிமிஷம் வைச்சிருந்தனீர். அந்தப் பிள்ளை மூண்டு கிழமையா வைச்சிருக்குது" என்றார்.

"அப்ப என்ன செய்யிறது டொக்டர்? பேரை வெட்டப் போயினம்" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது. கையை நிப்பாட்டேலாது. அதுக்கு ஒரு வேலை குடுக்கலாமோ எண்டு பாரும். தாயிட்டக் கேட்டனீரோ?"

நான் கேட்கவில்லை. மூன்று கிழமையாக அந்த மனுசிக்கு நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி, இறங்கி, இரண்டு மைல் நடந்து அவர்களுடைய குடியேற்றத்துக்குப் போனேன். செல்லாயி பொதுக் கிணற்றடியில் நின்றா. என்னைக் கண்டதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "கட்டித்தான் வச்சிருக்கோம் மிஸி" என்று அவசரமாகச் சொன்னா. அவா பயந்தது எனக்கு இன்னும் வலித்தது. கட்டச் சொன்னது பிழை, இனிக் கட்டவேண்டாம் என்றேன். பிறகு கேட்டேன், "வீட்டில இந்தக் கையோட எப்பிடிச் சமாளிக்கிறீங்கள்?"

செல்லாயி முதல்முறையாகச் சிரித்தா.

"மொதல்ல ஊரே ஏசுச்சுங்க. இவ தண்ணி எடுத்தா வாளி கெணத்துக்குள்ள. மூணு வாளி போச்சு."

ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கயிற்றைக் கை மாற்றி மாற்றித்தானே இழுக்கிறோம்? ஒரு கை பிடித்திருக்க, மற்றக் கை விட்டு மேலே பிடிக்கவேண்டும். மகேசுவுக்கு ஒரு கை விட்டால் மற்றதும் விட்டுவிடும்.

"இப்ப எடுக்கச் சொல்லட்டா மிஸி? ஏ மகேசு, வா."

மகேசு வந்தாள். சின்ன வாளியைக் கப்பி வழியே கிணற்றுக்குள் இறக்கினாள். இரண்டு கையாலும் கயிற்றை ஒன்றாக இறுக்கிப் பிடித்தாள். கையை மாற்றவேயில்லை. பிடித்த பிடியோடு பின்பக்கமாக நடந்தாள். வலது கால் மண்ணில் கோடு இழுக்க, ஒவ்வொரு அடியாகப் பூவரசு மரம்வரை போனாள். கப்பி கிறீச்சிட்டு வாளி மேலே வந்தது. தாய் எட்டி வாளியைப் பிடித்ததும் பிள்ளை இரண்டு கையையும் சேர்த்து விட்டாள். ஒரு சொட்டுத்தான் சிந்தியது. என்னிடம் தனியாகப் பொருள் பிடிக்க மறுத்த அதே வலது கை, இடது கை பிடித்தபோது கயிற்றைக் குரங்குப்பிடியாகப் பிடித்திருந்தது.

"இதை ஆர் சொல்லிக் குடுத்தது?"

"நாந்தாங்க. கொழுந்து பறிக்கையில ரெண்டு கையும் ஒரே மாதிரித்தான் ஓடணும். ஒரு கை சும்மா இருந்தா கங்காணி வந்து ஏசுவாரு. எனக்கு அப்படியே பழகிப்போச்சு. அதான், இவளுக்கு ரெண்டு கைக்கும் ஒரே வேலையாக் குடுத்துப் பாத்தேன்." வாளியைத் தூக்கிக் குடத்தில் ஊற்றிவிட்டு மறுபடி சிரித்தா. "அங்க கை சும்மா இருந்தா ஏச்சு. இங்க சும்மா இல்லாட்டி ஏச்சு."

நான் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை. இடது கை பென்சிலைப் பிடிக்கிறது, ஆகவே வலது கையும் எதையாவது பிடிக்கத்தான் பார்க்கிறது. பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாததால் பக்கத்துப் பிள்ளையின் சட்டையைப் பிடிக்கிறது. அந்தக் கைக்கு ஒரு பிடி வேண்டும், அவ்வளவுதான். தகப்பன் மாடசாமி உடைந்த மண்வெட்டிப் பிடியில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினார். ஒரு பலகையின் வலது பக்கத்தில் அதை நிமிர்த்தி அறைந்தார். இடது பக்கத்தில் எழுதும் கொப்பியை வைக்கவேண்டும். முதல் கட்டை தடிப்பாகப் போய்விட்டது, மகேசுவின் விரல் சுற்றிப் பிடிக்கவில்லை. சீவி மெல்லிசாக்கிப் பழைய சாரத் துணியைச் சுற்றினோம். இடது கை எழுத, வலது கை கட்டையை அமத்தி அமத்திப் பிடித்தது. அந்தப் பிடியில் பலகையும் நகராமல் நின்றது. அன்று மகேசு தன் பெயரைப் பக்கம் நிறைய எழுதினாள்.

தவணை தொடங்கிய நாள் லீவு போட்டுவிட்டு நானும் போனேன். அதிபர் பொல்லாதவர் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கூரை ஒழுகும் ஒரு கொட்டிலில் ஐந்து வகுப்பை இரண்டு ஆசிரியரோடு நடத்துகிற மனிதர். ஒழுங்கு குலைந்தால் எல்லாம் குலையும் என்ற பயம் அவருக்கு. மகேசுவை வாங்கின் வலது ஓரத்தில், அந்தக் கைக்கு எட்ட ஒருவரும் இல்லாத இடத்தில் இருத்தினேன். இவ்வளவு எளிய காரியம் முதல்நாளே யாருக்கும், எனக்கும், தோன்றவில்லை என்பது வெட்கம்தான். அதிபர் பத்துச் சொல் சொன்னார். மகேசு பத்தும் எழுதினாள். வலது கை கட்டையை விடவில்லை. செல்லாயி வாசலில் நின்று மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தா.

அதிபர் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா கை இன்னும் அடங்கேல்லை. உந்தப் பலகையை எடுத்துவிட்டு எழுதட்டும் பாப்பம். நான் கையை அடக்கிக்கொண்டு வரச் சொல்லித்தானே அனுப்பினனான்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மகேசுவைப் பார்த்தேன், கட்டையை இறுக்கிப் பிடித்தபடி தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியிருந்தால் அன்றோடு அவளுடைய பள்ளிக்கூடம் முடிந்திருக்கும். அந்த நேரத்தில் தண்ணீர்ப் பானைக்குமேல் ஒரு தகரப் பேணி கவிழ்த்து வைத்திருந்தது கண்ணில் பட்டது.

"சேர், ஒரு சின்ன உதவி. வரவு இடாப்பில இவளின்ர பேரை ஒருக்கா எழுதிக் காட்டுங்கோ. இடது கையைக் குப்புற வையுங்கோ."

வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. பேணியில் விளிம்புவரை தண்ணீர் மொண்டு அவருடைய புறங்கையில் வைத்தேன். அதிபர் பேனாவை எடுத்தார். 'ம' எழுதினார். 'கே' எழுதும்போது கண் பேணிக்குப் போய்விட்டது. 'ஸ்' வருவதற்குமுன் பேணி கவிழ்ந்து இடாப்பின் அந்தப் பக்கம் முழுவதும் தண்ணீர். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மகேசுதான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தாள்.

"அந்தக் கையை அடக்கச் சொன்னா, அவள் இப்பிடித்தான் இருந்து எழுதவேணும், சேர். விடிஞ்சதில இருந்து பின்னேரம்வரைக்கும். நானும் அதைத்தான் செய்விச்சனான். பிழை" என்றேன்.

அதிபர் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து இடாப்பை ஒற்றினார். மை ஊறிப் பெயர்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பிறகு புதுப் பக்கம் ஒன்றில் கோடு கீறி, வகுப்பிலிருந்த எல்லாப் பெயர்களையும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். மகேஸ்வரியின் பெயரையும் எழுதினார். செல்லாயிக்கு வாசிக்கத் தெரியாது. நான் விரலால் தொட்டுக் காட்டினேன்.

புறப்படும்போது மகேசு பலகையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள். இடது கையை எடுத்து விரித்து எனக்குக் கை காட்டினாள். வலது கையும் விரிந்தது. பலகை தடாரென்று நிலத்தில் விழுந்தது. அவள் பயந்துபோய் அதிபரைப் பார்த்தாள். அவர் வந்து குனிந்து பலகையை எடுத்து, மண்ணைத் தட்டி, அவளுடைய கமக்கட்டுக்குள் சொருகிவிட்டார்.

"கையில பிடியாதை, இப்பிடி வைச்சிரு. இனி எவ்வளவு வேணுமெண்டாலும் கை காட்டு" என்றார்.

மருத்துவமனைக்கு வந்து அட்டையை எடுத்தேன். நனைந்து காய்ந்து கிடந்த 'கை அடங்கிவிட்டது' என்ற வரியை வெட்டிவிட்டு, அதன்கீழே 'கை அடங்கவில்லை. எழுதுகிறாள்' என்று எழுதினேன். டொக்டர் வாசித்துவிட்டு, காதிலிருந்த கட்டைப் பென்சிலை எடுத்து ஒரு 'சரி' போட்டார்.

எண்பத்தொன்பதில், சண்டையால் பாதைகள் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்த ஒரு கிழமையில், நெடுத்து வளர்ந்த ஒரு பெட்டை என் அறைக்குள் வந்தாள். நடை சற்று இழுத்தது. சாதாரணதரப் பொதுப் பரீட்சை எழுதப் போகிறாளாம். பரீட்சை மண்டபத்துக்குள் பலகை கொண்டுபோக ஒரு கடிதம் வேண்டுமாம். பலகையை மேசைமேல் வைத்தாள். பலகை புதிது, கட்டை அதே மண்வெட்டிப் பிடி, பிடித்துப் பிடித்து மினுங்கிப்போயிருந்தது. நான் அலுமாரியைக் கிளறிப் பழைய அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். மகேஸ்வரி அதை வெளிச்சத்துக்குப் பிடித்து, வெட்டிய வரியையும் அதன்கீழே இருந்த வரியையும் சத்தமாக வாசித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"ஓம் மிஸி. இன்னும் அடங்கேல்லை" என்றாள்.